கறுப்பு வயரின் கடைசி முனை

நாலே முக்கால்.
மைனஸ் பதினாலு என்று காட்டிவிட்டு
அந்த எழுத்தும் அணைந்தது.
திறப்பைத் திருப்பினேன்.
டிக்.
இன்னொருக்கால்.
டிக்.
நாக்கை மேலண்ணத்தில் தட்டி
ஏலாது என்று சொல்கிற மாதிரி.

இல்ஃபிஸ் ஆற்றிலிருந்து ஏறிவந்த பனி
கண்ணாடிக்கு வெளியே ஒரு படை.
உள்ளே, என் மூச்சு ஒரு படை.
கடையில் புள்ளி சேர்க்கிற அட்டையால் சுரண்டித்
தபாலுறை அளவில் ஓர் ஓட்டை எடுத்தேன்.
அதற்குள்ளால் தெரிந்தது
கெர்பரின் கார் மட்டும்.

ஐப்பசியிலேயே சொன்னான்
கராஜில் நிற்கிற நிரூஜன்:
பற்றரிக்கு ஏழு வயது அக்கா, மாத்துங்கோ.
நூற்றெண்பது பிராங்.
மகளின் பல்லுக்கம்பி முதலில் என்றேன்.
பல் நேராகிக்கொண்டு வருகிறது.

முதல் பஸ் ஐந்து ஐம்பத்திரண்டுக்கு.
ஐந்தரைக்கு நான் திறக்காவிட்டால்
முதியோர் இல்லத்துச் சமையலறை திறக்காது.
நாற்பத்தொரு பேருக்குக் கோப்பி.
அதில் ஃப்ராவ் வூத்ரிக்,
ஒரு நிமிடம் பிந்தினாலும்
அன்று முழுக்க என்னோடு கதைக்க மாட்டா.

கெர்பரோடு நான் கதைத்துப்
பதினொரு மாதம்.
எங்கள் கட்டடத்தில்
செவ்வாய்க்கிழமை அவர் உடுப்புத் தோய்க்கிற நாள்.
ஒரு செவ்வாய்
காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் விரிப்பை
மெஷினில் போட்டுவிட்டேன்.
கதவடியில் நின்று காரணமும் சொன்னேன்.
பின்னேரம் அந்த விரிப்பு
ஈரத்தோடே மடிக்கப்பட்டு,
ஓரம் ஓரத்தோடு பொருந்த,
என் கால்மிதியின்மேல் இருந்தது.
கூட ஒரு தாள்.
செவ்வாய் என்ற சொல்லின் கீழே
இரண்டு கோடு,
அடிமட்டம் வைத்துக் கீறியது.

அதன்பிறகு படியில் காணும்போதெல்லாம்
எனக்குத் தபால்பெட்டியில் ஏதோ வேலை இருக்கும்.
அவருக்குச் சப்பாத்து நாடாவில்.

டிக்.

இறங்கிப் பொனற்றைத் திறந்தேன்,
ஏன் என்று தெரியாமல்.
நோயாளி பார்க்கப் போய்
தலைமாட்டில் பேச்சில்லாமல் நிற்பவர்கள்போல
நின்றேன்.

மூன்றாம் மாடியில் ஒரு லைற்.
பிறகு படிக்கட்டு லைற்.
பைஜாமாவுக்கு மேலே குளிர்ச்சட்டை, பூட்ஸ்,
முழங்கையில் சுற்றிய வயர்.
காலை வணக்கம் இல்லை.
தன் காரைக் கொண்டுவந்து
மூக்கோடு மூக்காக நிறுத்தினார்.

சிவப்பு முனையை நீட்டினார்:
"உங்களுடைய பிளஸ்."
மாட்டினேன்.
"என்னுடைய பிளஸ்."
"என்னுடைய மைனஸ்."
கறுப்பின் கடைசி முனையை
என் மைனஸுக்கு நான் கொண்டுபோக,
நைன் என்று கத்தினார்.
"அங்கே இல்லை, பொறி பறக்கும்.
கொஞ்சம் தள்ளி.
வெறும் இரும்பில்."

பெயின்ற் இல்லாத இடம் தேடிக் கவ்வவைத்தேன்.
சின்னதாய் ஒரு நீலம்.
அவ்வளவுதான்.

ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டுமாம்.
அவருடைய எஞ்சின் ஓடியது.
நாங்கள் இரண்டு பேரும்
வயரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்,
உள்ளே போவது கண்ணுக்குத் தெரியும் என்பதுபோல.
புகை முழங்கால்வரை வந்து நின்றது.

"பிள்ளைக்குக் காய்ச்சல் மாறிவிட்டதா?"

எந்தக் காய்ச்சல் என்று
வாய்வரை வந்துவிட்டது.
பிறகு விளங்கியது.
"மாறிவிட்டது," என்றேன்.
"பெப்ரவரியிலேயே."
தலையாட்டினார்,
நல்ல வேளை, இப்போதாவது சொன்னாயே என்று.

"திருப்புங்கள்."
செருமியது. இருமியது.
உடம்பு முழுக்க ஒருமுறை உலுப்பிவிட்டுப்
பிடித்துக்கொண்டது.

கழற்றும்போது முறை தலைகீழ்,
கடைசியாய் வந்தது முதலில்.
வயரை எட்டுப்போலச் சுற்றியபடி சொன்னார்:
அரைமணி நேரம் ஓட வேண்டும்,
இடையில் நிறுத்தக் கூடாது.
மெர்ஸி என்றேன்.
கதவைச் சாத்தப் போகையில்
குனிந்து,
"இன்று செவ்வாய்," என்றார்.

பகிடியா, எச்சரிக்கையா?
பின்கண்ணாடியில் அவர் முகத்தைத் தேடினேன்.
அது இன்னும் பனியாகவே இருந்தது.

இல்லம் பத்து நிமிடத் தூரம்.
சொன்ன அரைமணிக்காக
லங்னவ்வை இரண்டு தரம் சுற்றினேன்.
ரயில் நிலையம், மர ஆலை, பாலம்,
திரும்பவும் ரயில் நிலையம்.
இரண்டாம் சுற்றில் ஹீற்றர் சுட்டது.

ஐந்து முப்பத்தேழுக்குத் திறந்தேன்.

ஃப்ராவ் வூத்ரிக்
இன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.